ஏற்காட்டுக் குளிரும் கற்பவளத்தின் பசியும்

தொட்டுப் பார்த்தால் பாறையாகவும் தொலைவிலிருந்து பார்த்தால் செடியாகவும் தோன்றும் கற்பவளம் உண்மையில் ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் மெல்லிய சிற்றுயிர்கள் திரளாகக் கூடிவாழ்ந்து, கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தைக் கொண்டு தமக்கு அடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டியபடியே வளர்வதால் அது உருவாகிறது. இதனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் வழக்கம் மேலைநாடுகளில் வேரூன்றிவிட்ட நிலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் அது வாழ என்னென்ன தேவைப்படும் என்று ஆராய்வது, அவ்வுயிரின் இயல்பை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவும்.

கிண்ணம்போல் விரியும் டர்பினேரியா, உருண்டைப் பாறைபோல் வளரும் ஃபேவியா ஆகியவை கற்பவளங்களுள் ஓரளவு தாங்கும் திறன் கொண்டவை. எனினும் அவற்றுக்கும் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பும் 400 முதல் 450 மில்லிகிராம் கால்சியமும் கொண்ட நீர், ஏற்ற இறக்கமின்றி 25 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் இருந்தாக வேண்டும். சமவெளியில் நீரைக் குளிர்விக்கக் கருவி வேண்டும் என்றால், ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் மார்கழிக் குளிரில் வெப்பமூட்டி வேண்டும். மலையுச்சியில் காற்றழுத்தம் குறைவாதலால், அதே வெப்பநிலையிலுள்ள நீரில் கரையும் ஆக்சிஜன் கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். ஆகவே நீரின் மேற்பரப்பை இரவிலும் ஓயாது அலைத்துக்கொண்டிருப்பது இங்கு இன்றியமையாதது.

உணவைப் பொறுத்தவரை, பவளத்தின் திசுக்களில் குடியிருக்கும் ஒருசெல் பாசிகள் ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கும் சர்க்கரையே அதன் ஆற்றல் தேவையில் பெரும்பகுதியை நிறைவு செய்கிறது. ஆனால் உடல் வளர்ச்சிக்கான நைட்ரஜனும் பாஸ்பரசும் இரையிலிருந்தே பெரிதும் கிடைப்பதால், பெரும்பாலான பவளங்கள் இருட்டியபின் உணர்கொம்புகளை நீட்டி, கொட்டும் செல்களால் நுண்ணிய மிதவை உயிரிகளைப் பிடித்து உண்கின்றன. வளர்ப்போர் நீரோட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால் குஞ்சுகளையோ, பொடியாக அரிந்த இறாலையோ துளித்துளியாக உணர்கொம்புகளுக்கு அருகே விடுவர். வாரம் ஓரிரு முறை போதும். மிகுந்தால் அழுகி, நீரில் பாஸ்பேட்டைக் கூட்டி, சுண்ணாம்புக் கூடு படிவதையே தடுத்துவிடும். பவளம் பட்டினியால் மடிவதைவிட, அளவுக்கு மீறி ஊட்டப்பட்டுக் கெட்ட நீரில் மடிவதற்கே வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு ஏற்பாடும் கைகூடினாலும், நம் கடலின் பவளத்தை எடுத்துவந்து வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டில் கற்பவளங்கள் சேர்க்கப்பட்டு, அவற்றை எடுப்பது தடைசெய்யப்பட்டது. இத்தடை மிகவும் நியாயமானது. மன்னார் வளைகுடாவில் முருகைக்கல் எனப்படும் பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பல்லாண்டுகள் வெட்டியெடுத்ததன் விளைவுகளுள் ஒன்றாக, அங்கிருந்த 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் அமிழ்ந்தன.

பவளம் வளர்க்கும் கலை தமிழ்நாட்டில் உரிய இடத்தைக் கண்டிருப்பதும் அதே வளைகுடாவில்தான். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல், பவளத் துண்டுகளைச் செயற்கைத் தளங்களில் கட்டிக் கடலடியில் நட்டு, சிதைந்த பாறைத்தொடர்களை மீட்டுவருகிறது. அங்கே வெளிச்சத்தையும் இரையையும் கடலே அளிக்கிறது. ஆனால் 2016ஆம் ஆண்டைப் போலக் கடல்நீர் அளவுமீறிச் சூடாகும்போது, திசுக்களிலுள்ள பாசிகளை இழந்து பவளங்கள் வெளிறிப்போவதைத் தடுக்க, கடலில் எந்தக் குளிர்விப்பானையும் பொருத்த இயலாது.