சும்மா உட்காருங்கப்பா!

'நீங்க சும்மா உட்காருங்கப்பா... எல்லாம் நாங்க பாத்துக்கறோம்!'

ரிடையரான அப்பாவிடம் இந்த டயலாக்கைச் சொல்லாத பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? கேட்கவே எவ்வளவு பாசமாக இருக்கிறது! ஆனால், அப்பாவின் கால்களைப் பறிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அடிக்க வராதீங்க சார், கணக்குக் காட்டுகிறேன்.

நான் பி.காம். மெஷின் ஓட ஓடத் தேயும், அதற்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதணும் என்று படித்தவன். மனுஷனின் தசை விஷயத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். ஓடினால் வளரும். சும்மா இருந்தால் தேயும். 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான வயசாளிகள் சிலரைப் பத்தே பத்து நாள் கட்டிலில் படுக்க வைத்தார்கள். வியாதி இல்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு. எழுந்து பார்த்தால், காலில் மட்டும் சராசரியாக ஒரு கிலோவுக்குப் பக்கம் சதையைக் காணோம்!

எங்க விருதுநகர்ப் பக்கம் வாங்க. சிவகாசி வட்டாரத்தில் தரையில் உட்கார்ந்து குழாய் உருட்டி, திரி சொருகி, லேபிள் ஒட்டியே வயசானவர்கள் எத்தனையோ பேர். 'நாள் பூரா உழைக்கிறவங்களுக்கு எதுக்குய்யா எக்ஸர்சைஸ்?' என்பீர்கள். அங்கேதான் இடிக்கிறது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் குனிந்து உட்காருவது உழைப்பு. உடற்பயிற்சி இல்லை. விரல் ஓடும், கால் தூங்கும். சாயங்காலம் சுவரைப் பிடித்து, 'முருகா' என்று எழுந்திருக்கிற அம்மாக்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பீஸ் கணக்கில் கூலி வாங்குகிற வீட்டில் முட்டி போனால் கூலியும் போச்சு. அரசு தருகிற முதியோர் பென்ஷன் 2023-ல்தான் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாய் ஆனது. அதில் துணைக்கு ஆள் வைக்க முடியுமா? தானே எழுந்து தானே நடப்பது இங்கே ஃபேஷன் இல்லை, பிழைப்பு!

அதே மாவட்டத்தில் தாணிப்பாறைக்குப் போங்கள். அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி ஏறுகிற கூட்டத்தில் நரைத்த தலைகளும் இருக்கும். கம்பை ஊன்றி, நின்று நின்று ஏறுவார்கள். பின்னாலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பழகிய இளவட்டம் மூச்சு வாங்கும். 'இன்னும் எவ்வளவு தூரம் தாத்தா?' 'இப்பத்தான தம்பி ஆரம்பிச்சிருக்கோம்!'

சரி, மலை ஏறுகிறவர் ஏறட்டும். தள்ளாடுகிறவர்? 1990-ல் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில், டாக்டர் மரியா ஃபியாடரோன் குழுவினர் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்குக் காலால் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் நடுவில் விலகினார். எட்டு வாரம் முடித்த ஒன்பது பேருக்கும் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை மூலையில் போட்டுவிட்டு நடந்தார்கள். எந்த ஃபிக்ஸட் டெபாசிட் சார் இந்த வட்டி தரும்?

வயசானவர் சுதந்திரமாக இருக்கிறாரா என்று பார்க்க, 1963-ல் டாக்டர் சிட்னி காட்ஸ் குழுவினர் ஆறு விஷயங்களைப் பட்டியல் போட்டார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிவறை போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. பாருங்கள், இதில் பேங்க் பேலன்ஸ் வரவே இல்லை!

வீட்டிலேயே ஒரு டெஸ்ட். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது? பக்கத்தில் ஆள் நிற்கணும். 60-64 வயசு ஆணுக்குப் 14, பெண்ணுக்கு 12. அதற்குக் குறைந்தால் விழுகிற அபாயம் அதிகம், டாக்டரிடம் பேசுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுகிறவர்களுக்கு வீடு தேடி வந்தே பிசியோதெரபி கொடுக்க ஏற்பாடு உண்டு.

அப்பாவுக்கு டெஸ்ட் வைத்த கையோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். முப்பது வயசில் பதினாலு வரவில்லை என்றால், வெளியே சொல்லாதீர்கள்!

65-ஐத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது பேலன்ஸுக்கும் பலத்துக்கும் பயிற்சி செய்யணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெதுவாக, டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்கலாம்.

பாசத்தைக் காட்டியே ஆகணுமா? பாத்ரூமில் உறுதியாக ஒரு கைப்பிடி அடித்துக் கொடுங்கள். ராத்திரி எழுந்து போகிற வழியில் ஒரு சின்ன பல்பு போடுங்கள். காலையில் பால் பாக்கெட் வாங்கக் கிளம்புகிற அப்பாவிடமிருந்து பையைப் பிடுங்காதீர்கள். கூடவே நீங்களும் நடந்து போங்கள்... தொப்பைக்கும் நல்லது!