எந்தப் போனை வாங்குவது? வாங்குமுன் ஒரு கணக்கு

பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து, நெல்லுக் காசு கைக்கு வந்த கிழமையில் ஒரு தாய் அமிர்தகழியிலுள்ள எமது நிலையத்துக்கு வந்தார். கையில் கடைக்காரர் கொடுத்த இரண்டு வண்ணத் துண்டுப் பிரசுரங்கள். மேசையில் அவற்றை விரித்து வைத்து, "சுவாமி, இதுல எது நல்லது எண்டு சொல்லுங்க" என்றார். பழைய போனுக்கு என்ன நடந்தது என்று கேட்டோம். "அது செத்துட்டு சுவாமி. தவணை இன்னும் சாகல்ல" என்றார்.

நாம் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். ஆனால் வேலை செய்யாத போனுக்கு இன்னும் நான்கு மாதம் காசு கட்ட வேண்டியிருக்கும் ஒரு குடும்பம், அதே வழியில் இரண்டாவது போனையும் வாங்க நிற்பது சிரிக்கும் விடயமல்ல. அவருக்குச் சொன்னவற்றையும், சொல்ல மறந்து பின்னர் யோசித்தவற்றையும் எல்லாக் குடும்பங்களுக்குமாக இங்கே எழுதுகிறோம்.

ஏழைகளுக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்று கேட்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. வீட்டில் போன் இல்லாத பிள்ளை படிப்பில் பின்தங்கியது. 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது, உழவு இயந்திரத்துக்கு டீசல் எடுப்பதற்கே போன் வைத்திருந்த ஒருவரின் உதவி தேவைப்பட்டது. 1990 இலும், பின்னர் 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பல, இன்றும் வீடு ஓரிடத்திலும் வயல் வேறிடத்திலுமாக வாழ்கின்றன. மகள் மத்திய கிழக்கில், தகப்பன் வட்டையில், தாய் இக்கரையில். ஒரு காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் வந்த கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களிடம் போன் ஆடம்பரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அது தேவைதான். தேவை என்பதனாலேயே அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது போனை அல்ல, வட்டையை. மாமாங்கத் தீர்த்தக் குளத்தடியில் நின்று பேசினால் எல்லாப் போனும் நல்ல போன்தான். வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் உள்ளே போனால்தான் உண்மை தெரியும். கடையில் சிக்னல் முழுதாகக் காட்டுவது உங்கள் வயலுக்குச் சாட்சியாகாது. எனவே காசு கொடுக்குமுன், வெவ்வேறு கம்பனிகளின் சிம் வைத்திருக்கும் அயலவர்களுடன் ஒரு நாள் வயலுக்குப் போய், வரம்பில் நின்றும் காவல் பரணில் ஏறியும் பேசிப் பாருங்கள். இரவில் யானை வந்தால் எந்த இடத்தில் நின்று ஆட்களைக் கூப்பிடுவீர்களோ, அந்த இடத்தில் எந்தச் சிம் எடுக்கிறது என்பதே கேள்வி. வீட்டில் ஒரு கம்பனி, வயலில் மற்றக் கம்பனி நன்றாக எடுக்குமாயின் இரண்டு சிம் போடும் போன் வேண்டும். இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில போன்களில் இரண்டாவது சிம்மும் நினைவக அட்டையும் ஒரே குழியைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்றை வைத்தால் மற்றதை வைக்க முடியாது. சிம் தட்டை வெளியே இழுத்து எத்தனை குழி என்று எண்ணிப் பாருங்கள்.

இனிப் பெட்டியில் அச்சடித்திருக்கும் இலக்கங்களுக்கு வருவோம். அந்தத் தாயின் பிரசுரங்கள் இரண்டிலும் மிகப் பெரிய எழுத்தில் இருந்தது "50 மெகாபிக்சல்" என்பது. அதைப் பார்த்து ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்கவே முடியாது. மலிவான போன்கள் பலவற்றில் இன்று இதே இலக்கம்தான். அத்தகைய கமரா சாதாரணமாக நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. நோய் பிடித்த நெற்பயிரைப் படமெடுத்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்ப அது தாராளம். அடுத்தது "8 ஜிபி ராம்" என்பது. அதன் கீழே சிறிய எழுத்தில் "4+4" என்றிருந்தால், உண்மையான ராம் நான்குதான். மற்ற நான்கு சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. ராமின் வேகம் அதற்கு வராது. நெல் மூடைக்குள் பதர் கலப்பவரை எமக்குத் தெரியும். இதுவும் அந்த இனம். ராம் 4 ஜிபிக்கும் சேமிப்பு 128 ஜிபிக்கும் குறையாமல் இருந்தால் ஒரு குடும்பத்துக்குச் சில வருடம் தாங்கும். 64 ஜிபி என்றால் பாடங்களும் படங்களும் காணொளிகளும் சேர்ந்து விரைவில் நிரம்பி, போன் இழுக்கத் தொடங்கும்.

பற்றரியில் பெரிய வித்தியாசம் இல்லை. 2024 இல் வெளிவந்த சம்சுங் கலக்சி ஏ06, கலக்சி ஏ16 இரண்டுக்கும் 5,000. அதே ஆண்டின் ரெட்மி 14சி போனுக்கு 5,160 மில்லியம்பியர் மணி. அந்த 160 ஐ நம்பி எவரும் முடிவெடுக்க வேண்டாம். பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். இல்லையெனில் அதன் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று போன்களையும் நாம் தற்செயலாகச் சொல்லவில்லை. எமது குடும்பங்கள் வாங்கக்கூடிய வரிசையில் இவை வருகின்றன. ஏ06, 14சி இரண்டும் ஏறக்குறைய ஒரே தரத்தவை. ஏ16 அவற்றிலும் விலை கூடியது. கடையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏ16 இன் திரை வெளிச்சமாகவும் கூர்மையாகவும் இருப்பது தெரியும். நண்பகல் வெயிலில் வயலில் நின்று படிப்பவருக்கு அது உதவும். ஆனால் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றில் இருக்கிறது.

ஒவ்வொரு போனுக்கும் அதைச் செய்த நிறுவனம் சில ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்பும். கள்ளர் புதுச் சாவி செய்யும்போதெல்லாம் பூட்டை மாற்றித் தருவது போன்ற வேலை இது. அது நின்ற பிறகும் போன் பேசும், படம் எடுக்கும். ஆனால் பூட்டு பழையதாகவே இருக்கும். வங்கிக் கணக்கையும் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தையும் அதே போனில் பார்ப்பவருக்கு அது ஆபத்து. நாட்கள் செல்ல, சில செயலிகளும் பழைய போனில் இயங்க மறுக்கும். அண்ட்ரொய்டின் ஐந்தாம் பதிப்புக்கும் கீழ்ப்பட்ட போன்களை வட்ஸ்அப் ஏற்கெனவே கைவிட்டுவிட்டது. ஏ06 இற்கு நான்கு ஆண்டுகளும் ஏ16 இற்கு ஆறு ஆண்டுகளும் திருத்தம் தருவதாக சம்சுங் அறிவித்தது. ரெட்மியைச் செய்யும் ஷவோமி நிறுவனம், திருத்தம் நிறுத்தப்பட்ட போன்களின் பட்டியலைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. படித்த பிள்ளை ஒன்றைக் கொண்டு அதைப் பார்க்கலாம்.

இந்த ஆண்டுகள் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அந்த வகைப் போன் உலகச் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. 2024 இல் வந்த ஏ06 போனை ஒருவர் 2026 இல் பெட்டி உடைக்காமல் புதிதாக வாங்கினாலும், அவருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளே. ஏ16 என்றால் நான்கு. இதை எந்தக் கடைக்காரரும் எமக்குச் சொன்னதில்லை. விதைநெல் வாங்கும்போது எந்தப் போகத்து நெல் என்று கேட்கிறோம். போனிலும் எந்த ஆண்டில் வந்த வகை என்று கேட்க வேண்டும்.

அந்தத் தாயுடன் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டோம். இவை உதாரணத்துக்கான தொகைகள், கடை விலை அல்ல. 36,000 ரூபாவுக்கு வாங்கும் போனுக்கு 24 மாதம் மிச்சம் என்றால் மாதத்துக்கு 1,500 ரூபா. 60,000 ரூபா போனுக்கு 48 மாதம் மிச்சம் என்றால் மாதத்துக்கு 1,250. விலை கூடியது மலிவாகிவிட்டது! ஆனால் அந்த 60,000 ஐ வட்டிக்கு எடுத்தால் கணக்கு மீண்டும் புரண்டுவிடும். கையில் காசில்லாதவர் விலை கூடிய போனுக்காகக் கடன்படுவதை நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். தவணைக்குக் கேட்டால், "மாதம் எவ்வளவு" என்பதோடு நிறுத்தாமல் "மொத்தம் எவ்வளவு" என்று கேளுங்கள். மாதம் 4,000 வீதம் 12 மாதம் என்றால் 48,000. 36,000 ரூபா போனுக்கு 12,000 அதிகம். எமது பெண்கள் நுண்கடனில் பட்டது போதும்.

விலை குறைந்த போனுக்கும் அதன் பக்கத்து நியாயம் உண்டு. ரெட்மி 14சி போனில் எஃப்.எம். வானொலியும் காதுக் கருவி செருகும் துவாரமும் இருக்கின்றன. ஏ16 இல் அந்தத் துவாரம் இல்லை. இளைஞருக்கு இது அற்ப விடயமாகத் தோன்றலாம். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்களுக்கு அப்படித் தோன்றாது. மின்சாரம் நின்று, கோபுரங்களும் செயலிழந்தால் வட்ஸ்அப்பும் இல்லை, இணையமும் இல்லை. வானொலி நிலையம் இயங்கும்வரை, காதுக் கருவியின் கம்பியையே அன்ரெனாவாகக் கொண்டு எஃப்.எம். கேட்கலாம். கரையோரத்தில் குடியிருப்பவர் இதையும் தராசில் வைக்க வேண்டும்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ16 இற்கு ஐபி54 என்ற தரம் உண்டு. அது மழைத் தூறலுக்கும் தெறிக்கும் நீருக்கும் மட்டுமே. வாவியில் விழுந்தால் எதுவும் தப்பாது, உப்புநீர் உள்ளே அரித்துவிடும். விழுந்தால் உடனே நிறுத்துங்கள், சார்ஜ் போடாதீர்கள், திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் எம்மவரிடம் நிறைய உண்டு. அரிசித் தூள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஐபோன் செய்யும் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. அரிசியைச் சோற்றுக்கு வைத்துக்கொள்வோம். திருத்துவதைப் பொறுத்தவரை, பட்டணத்துத் திருத்தும் கடையில் முதலில் போய், "இந்த வகைக்குத் திரை மாற்ற எவ்வளவு? சாமான் கையில் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, அதன் பின்பு விற்கும் கடைக்குப் போங்கள்.

பழைய போனோ, வெளிநாட்டிலிருந்து வந்த போனோ வாங்குபவர் *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் தோன்றும். ஐ.எம்.ஈ.ஐ. என்பதை ஆங்கில எழுத்துக்களில் புள்ளியின்றி எழுதி, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் 1909 இற்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். காசு கொடுக்குமுன் கடையில் நின்றே இதைச் செய்ய வேண்டும். வெளிநாட்டுப் போனில் 4ஜி இணையம் வேலை செய்தும், 4ஜியில் குரல் அழைப்பு வேலை செய்யாதிருக்கலாம். உங்கள் சிம்மைப் போட்டு ஒருவருடன் பேசிப் பாருங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் பெரிய போன் வேண்டுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. வயலுக்குப் போகும் தகப்பனுக்குப் பொத்தான் போன் போதும். சார்ஜ் சில நாள் நிற்கும், சேற்றில் விழுந்தாலும் இழப்புச் சிறிது. பயிருக்கு நோய் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தை அதிலிருந்தே அழைக்கலாம். வீட்டுக்கு ஒரு நல்ல போன், வட்டைக்கு ஒரு பொத்தான் போன் என்பதே எமது எண்ணம். அந்த நல்ல போன் யார் கையில் இருப்பது என்பதில் வீடுகளில் சண்டை வருவதும் எமக்குத் தெரியும். படிக்கும் பிள்ளைக்கு மாலை நேரத்தை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பேசித் தீருங்கள்.

அந்தத் தாய் அன்று போன் வாங்கவில்லை. கணக்குப் போட்ட கடதாசியை மடித்துப் பணப்பைக்குள் வைத்தார். மீதி நான்கு தவணையையும் முதலில் கட்டி முடிப்பதாகச் சொன்னார். மறுநாள் விடிய, அயல்வீட்டுப் பொடியனின் போனையும் வேறு கம்பனிச் சிம் ஒன்றையும் இரவல் வாங்கிக்கொண்டு, கணவனுடன் வட்டைக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம்.