ஃப்ளைட் டிக்கெட் எப்போ போடணும்? நம்ம ஊர்க்காரங்களுக்கான கணக்கு



வீடியோவில் பத்து நிமிஷத்தில் வேகமாகச் சொன்ன விஷயத்தை இங்கே கணக்கோடு பொறுமையாக எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கு. இந்த விஷயத்தில் நானே ஒரு தடவை தப்பான ஆலோசனை சொல்லியிருக்கேன்.

சில வருஷங்களுக்கு முன்னாடி எங்க ஆச்சிக்கு உடம்புக்கு முடியாமப் போச்சு. மும்பையில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணினான். "அண்ணே, மதுரைக்கு நாளைக்குக் காலை ஃப்ளைட் ஒன்பதாயிரம் காட்டுது. போடவா?" நான் சி.ஏ. அல்லவா? "இவ்வளவு எதுக்குடா, காலையில பாரு, குறையும்" என்று சொல்லிவிட்டேன். காலையில் அந்த ஃப்ளைட்டில் சீட் இல்லை. சாயங்கால ஃப்ளைட் பதினாலாயிரம். அதைப் போட்டு அவன் சங்கரன்கோவில் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அவன் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் ஃப்ளைட் விலை எப்படி ஓடுகிறது என்று ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன்.

படித்ததைச் சொல்றேன், வாங்க.

ஒரே ஃப்ளைட், ஆளுக்கொரு விலை. ஏன்?

1994-ல் ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டம் ரத்தாகி, தனியார் விமான நிறுவனங்களுக்குச் சட்டப்படி வழி திறந்தது. இன்று கட்டணத்தை நிர்ணயிப்பது நிறுவனங்கள்தான். கொரோனா நேரத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் 31 வரை, குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று அரசு வரம்பு வைத்திருந்தது. 2025 டிசம்பரில் நிறைய விமானங்கள் ரத்தானபோதும் தற்காலிகமாக ஒரு உச்சவரம்பு வந்தது. இவை விதிவிலக்குகள். மற்றபடி சந்தை விலைதான்.

தூத்துக்குடி மாதிரி ஊர்களுக்கு வரும் சின்ன ஏ.டி.ஆர். விமானத்தை எடுத்துக்கோங்க. 78 சீட் என்று வைப்போம். நிறுவனம் இந்த 78-ஐயும் ஒரே விலைக்கு விற்காது. பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்திருக்கும். உதாரணத்துக்கு முதல் 10 சீட் ரூ.2,800, அடுத்த 15 சீட் ரூ.3,400, அடுத்த 20 சீட் ரூ.4,300, அப்புறம் ரூ.5,500, ரூ.7,000 என்று ஏறிக்கொண்டே போகும். (எண்கள் என் கற்பனை, முறை நிஜம்.) ஒரு பெட்டி காலியானால் அடுத்த பெட்டி விலை திரையில் வரும். விற்பனை மந்தமாக இருந்தால் கம்ப்யூட்டர் கீழ்ப்பெட்டியை மறுபடி திறக்கும். வேகமாக விற்றால் கீழ்ப்பெட்டியைச் சீக்கிரமே மூடும்.

ஆக, விலையை முடிவு செய்வது நீங்கள் எந்தக் கிழமை போடுறீங்க என்பதல்ல. அந்த ஃப்ளைட் எவ்வளவு வேகமாக நிரம்புகிறது என்பதுதான்.

கடைசி நேரத்தில் குறையுமா?

குறையாது என்றே வைத்துக்கோங்க. சாதாரண நாளில் ஆம்னி பஸ்ஸில் சீட் காலியாக இருந்தால் கிளம்புறதுக்கு முன்னாடி விலையைக் குறைப்பாங்க. ஃப்ளைட்டில் கதை வேறு. நாளைக்கே போகணும் என்று வருபவர் யார்? கம்பெனி செலவில் போகிறவர், அல்லது ஆஸ்பத்திரிக்கோ துக்கத்துக்கோ போகிறவர். இருவருமே விலை பார்த்துப் பின்வாங்க மாட்டார்கள். அது நிறுவனத்துக்கும் தெரியும். அதனால் மேல்பெட்டி சீட்டுகளை அவர்களுக்காகவே கடைசி வரை வைத்திருக்கும். நான் தம்பிக்குச் சொன்னது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போ புரியுதா?

"செவ்வாய்க்கிழமை ராத்திரி போட்டா மலிவு" – உண்மையா?

இல்லை. ஒரு காலத்தில் அமெரிக்காவில் வாரத் தொடக்கத்தில் தள்ளுபடி அறிவிப்பார்கள், மற்றவர்களும் குறைப்பார்கள். அந்த வழக்கத்தில் பிறந்த கதை இது. இப்போ விலை ஒரே நாளில் பல தடவை மாறுகிறது. எந்தக் கிழமை *போடுறோம்* என்பதில் பெரிசா ஒன்றுமில்லை. எந்தக் கிழமை *பறக்கிறோம்* என்பதில்தான் வித்தியாசம் இருக்கு. வெள்ளி சாயங்காலம், ஞாயிறு சாயங்காலம் கூட்டம். செவ்வாய், புதன், சனி மதியம் பெரும்பாலும் மலிவு.

"இன்காக்னிட்டோவில் தேடினா குறையும்" என்பதும் அதே மாதிரிதான். நீங்கள் தேடியதால் விலை ஏறவில்லை. நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அந்தப் பெட்டியில் இருந்த கடைசி ரெண்டு சீட்டை வேறு யாரோ எடுத்துட்டாங்க, அவ்வளவுதான்.

சரி, எப்போ போடலாம்?

இது என் அனுபவத்தில் நான் வைத்திருக்கும் கணக்கு:

1. சாதாரண நாள், உள்நாடு: 4 முதல் 8 வாரம் முன்னாடி. மூன்று வாரத்துக்குக் கீழே வந்துவிட்டால் இன்னும் காத்திருக்காதீங்க.

2. பொங்கல், தீபாவளி, மே மாத லீவு: 75 முதல் 90 நாள் முன்னாடி. ஏன் 75? 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பொங்கலுக்கு பொதிகை எக்ஸ்பிரஸ் முன்பதிவு திறந்த சில நிமிஷத்தில் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும். ரயிலில் கிடைக்காதவர்களில் ஒரு பகுதி அடுத்து வந்து நிற்கும் இடம் ஃப்ளைட். அந்தக் கூட்டம் வருவதற்கு முன்னாடி நீங்கள் போட்டிருக்கணும்.

3. ஆடித்தபசு: இது ஜூலை, ஆகஸ்டில் வருவதால் பொதுவாக ஃப்ளைட்டுக்கு மந்தமான காலம். பஸ், ரயிலில்தான் நெருக்கடி. 4 வாரம் போதும்.

4. வளைகுடா, சிங்கப்பூர்: 2 முதல் 4 மாதம். வளைகுடாவில் பள்ளி லீவு விடும் ஜூலை, ஆகஸ்ட், அப்புறம் டிசம்பர் என்றால் 5 மாதம் முன்னாடியே.

ஒரு வருஷம் முன்னாடியே போட்டால் இன்னும் மலிவா? அவசியமில்லை. விற்பனை திறந்த புதிதில் தள்ளுபடிப் பெட்டிகளை எல்லா நிறுவனமும் திறந்து வைப்பதில்லை.

இன்னொன்று: பண்டிகைக் கூட்டம் ஒரு திசையில்தான் ஓடும். பொங்கலுக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து மதுரைக்கு விலை எகிறும். அதே நாள் மதுரையிலிருந்து சென்னைக்கு சீட் காலியாகக் கிடக்கும். பொங்கல் முடிந்ததும் இது தலைகீழ். ஒரு வருஷம் பிள்ளைகள் ஊருக்கு வருவதற்குப் பதில் அப்பா அம்மா சென்னைக்குப் போய்விட்டு வந்தால், போக வர ரெண்டும் மலிவு. எல்லா வருஷமும் வேண்டாம், வீட்டில் திட்டு விழும்!

எந்த ஏர்போர்ட்?

சங்கரன்கோவிலிலிருந்து தூத்துக்குடி வாகைக்குளம் சுமார் 90 கி.மீ., மதுரை சுமார் 120 கி.மீ., திருவனந்தபுரம் சுமார் 150 கி.மீ. வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புது டெர்மினல் திறந்தாச்சு. ஆனால் ஃப்ளைட் எண்ணிக்கையில் திருவனந்தபுரம்தான் பெரியது.

சென்னையிலிருந்து நாலு பேர் வருவதாக ஒரு உதாரணக் கணக்கு:

- தூத்துக்குடி: 4,800 × 4 = 19,200. கார் 2,200. மொத்தம் 21,400.
- மதுரை: 4,300 × 4 = 17,200. கார் 3,000. மொத்தம் 20,200.
- திருவனந்தபுரம்: 3,900 × 4 = 15,600. கார் 4,500. மொத்தம் 20,100.

திரையில் பார்க்கும்போது திருவனந்தபுரம் மதுரையைவிட ரூ.1,600 மிச்சம் மாதிரி தெரியும். வீட்டு வாசலில் கணக்குப் போட்டால் மிச்சம் வெறும் ரூ.100. அந்த நூறு ரூபாய்க்கு ஆரியங்காவு மலைப்பாதையில் குழந்தைகளோடு கூடுதல் நேரம் உட்காரணும். அங்கே விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணத்தையும் 2024 ஜூலையில் உயர்த்தியிருக்காங்க. அது டிக்கெட்டுக்குள்ளேயே வரும், அதனால் அடிப்படைக் கட்டணத்தை ஒப்பிடாமல் கடைசியில் கட்டும் தொகையைப் பாருங்க. கன்வீனியன்ஸ் ஃபீ, சீட் கட்டணம், செக்-இன் பேக் இல்லாத "லைட்" டிக்கெட்டா என்பதையும் சேர்த்துப் பாருங்க.

நாலு பேருக்குப் போடும்போது

முதலில் ஒரு ஆளுக்குத் தேடுங்க. அப்புறம் நாலு ஆளுக்கு. தலைக்கு விலை கூடினால், கீழ்ப்பெட்டியில் நாலு சீட் இல்லை என்று அர்த்தம். ரூ.3,400-ல் ரெண்டு சீட்தான் மிச்சம் என்றால், பெரும்பாலும் நாலு பேருக்கும் ரூ.4,300 போட்டு 17,200 காட்டும். ரெண்டு ரெண்டாகப் போட்டால் 6,800 + 8,600 = 15,400. ரூ.1,800 மிச்சம். ஆனால் பி.என்.ஆர். ரெண்டாகிவிடும், குழந்தைகளை ஒரு பெரியவரோடு ஒரே பி.என்.ஆரில் வையுங்க.

தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

- டி.ஜி.சி.ஏ. விதிப்படி, பயணத்துக்குப் போதிய நாள் இருந்தால், டிக்கெட் போட்ட பிறகு ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம். அதாவது நல்ல விலை வந்ததும் போட்டுவிட்டு, வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். போடும் பக்கத்தில் இன்றைய நிபந்தனையை ஒரு தடவை பார்த்துக்கோங்க.
- ரத்துக் கட்டணம், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது.
- ஃப்ளைட்டைத் தவறவிட்டாலும், ரீஃபண்ட் இல்லாத சலுகை டிக்கெட்டானாலும், வரியும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பக் கிடைக்கும். நிறைய பேர் கேட்பதே இல்லை. கேளுங்க.

தறி வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கு ஒன்று. எகானமி டிக்கெட்டில் 5% ஜி.எஸ்.டி. இருக்கு. தொழில் விஷயமாகப் போனால், டிக்கெட் போடும்போதே உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து இன்வாய்ஸ் வாங்குங்க. ரூ.10,000-க்கு ரூ.500 இன்புட் கிரெடிட். குடும்பத்தோடு டூர் போன டிக்கெட்டை இதில் சேர்க்காதீங்க, பின்னாடி நோட்டீஸ் வந்தால் நான்தான் பதில் எழுதணும்.

அவசரம் என்றால்

இதுவரை சொன்ன எதுவும் அவசரப் பயணத்துக்குப் பொருந்தாது. அங்கே ஒரே விதிதான்: பதினைந்து நிமிஷம். மூன்று ஏர்போர்ட்டையும் பாருங்க, சீக்கிரம் வீடு சேர்க்கிற டிக்கெட்டைப் போடுங்க, கிளம்புங்க. மும்பை, டெல்லியிலிருந்து மதுரைக்குச் சீட் இல்லாத நேரத்தில் திருவனந்தபுரத்துக்கு இருக்கலாம். அன்றைக்கு மலைப்பாதை ஒரு பொருட்டில்லை.

அப்படிப் போடுவதற்கு கையில் பணம் வேணும். அதனால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்க. உங்கள் பிள்ளை இருக்கும் ஊரிலிருந்து *நாளைக்கு* டிக்கெட் என்ன விலை என்று பாருங்க. அதை ரெண்டால் பெருக்குங்க, வர வேண்டியவர்கள் எண்ணிக்கையால் பெருக்குங்க. தலைக்கு 14,000 என்றால், ஒருத்தருக்கு 28,000. அதை ஸ்வீப்-இன் எஃப்.டி.யிலோ தனி சேமிப்புக் கணக்கிலோ போட்டு, "பயண அவசரம்" என்று பெயர் வையுங்க. மற்ற எதற்கும் தொடாதீங்க.

பொங்கல் டிக்கெட்டில் ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்கிறது நல்ல பழக்கம். அந்த மிச்சத்தை இந்தக் கணக்கில் போட்டு வையுங்க. அன்று தம்பியிடம் அப்படி ஒரு பணம் இருந்து, "போடவா அண்ணே" என்று என்னைக் கேட்காமலே போட்டிருந்தால், ஆச்சி முகத்தைப் பார்த்திருப்பான்.

அடுத்த பதிவில் ஸ்வீப்-இன் எஃப்.டி. எப்படி வேலை செய்கிறது, வட்டிக்கு வரி எப்படி என்று பார்ப்போம்.