அடுக்குப் படங்களில் ஆலய வரலாறு

திருவிழாக் காலங்களில் ஆலய மண்டபத்திலும் சமூகக் கூடங்களிலும் புகைப்படக் கண்காட்சி அமைப்பதுண்டு. குடமுழுக்கு, தேரோட்டம் முதலிய காட்சிகளைக் கண்டு முதியோர் நெகிழ்வர். இளையோர் அறிந்து கொள்வர். இப்படங்களோடு, ஒரு படத்தின் மேல் மற்றொன்றைப் பதித்து ஒரே காட்சியாக்கும் அடுக்குப் படங்களையும் வைக்கலாமா? நேரில் நிகழாததைக் காட்டும் படத்திற்கு இறைவன் சந்நிதியில் இடமுண்டா? இவ்வினா எழுவது இயல்பே.

மனோரதம் காட்டும் வழி

இதற்கு விடை தருகிறது இராஜஸ்தானிலுள்ள நாத்துவாரா திருத்தலம். கோவர்த்தன மலையை ஏந்திய கண்ணபிரான், ஸ்ரீநாத்ஜி என்னும் திருநாமத்துடன் 1672ஆம் ஆண்டில் அங்கே எழுந்தருளினார். ஆலயத்தைச் சார்ந்து ஓவியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. பக்தர் ஒருவர் பொருளளித்துச் செய்விக்கும் சிறப்பு வழிபாடு 'மனோரதம்' எனப்படும். அதன் நினைவாகத் தீட்டப்படும் ஓவியத்திற்கும் அதுவே பெயராயிற்று.

புகைப்படக் கலை பரவியபின் அவ்வோவியர்கள் ஒரு புதுமை செய்தனர். பக்தரையும் அவர்தம் குடும்பத்தாரையும் படம் பிடித்து, முகங்களை மட்டும் நுட்பமாக வெட்டி ஓவியத்தில் ஒட்டினர். உடலையும் உடையையும் அணிகலன்களையும் வண்ணத்தால் தீட்டினர். ஒட்டிய விளிம்பு தெரியாதவாறு அதன் மேலும் மெல்லிய வண்ணம் பூசினர். ஆலயத்தின் தலைமை ஓவியராக விளங்கிய காசிராம் ஹர்தேவ் சர்மா, தூரிகையோடு புகைப்படக் கருவியையும் கையாண்டவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இப்படங்களைப் பொய்யென்று தள்ளுதல் தகாது. மனோரதம் என்றால் மனத்தின் விருப்பம். இறைவன் அருகே என்றும் நின்றிருக்க வேண்டுமென்ற வேட்கையை அப்பெயரே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

பத்துமலையின் அடுக்குகள்

இம்முறையை நம் ஆலய வரலாற்றுக்கும் பயன்படுத்தலாம். பத்துமலையையே எடுத்துக்கொள்வோம். 1920இல் மரப்படிகள் அமைந்தன. பின்னர் 272 கற்காரைப் படிகள் எழுந்தன. 2006இல் 42.7 மீட்டர் உயர முருகப்பெருமான் திருவுருவம் நிறுவப்பெற்றது. 2018இல் படிகள் பல வண்ணம் பூண்டன. ஒவ்வொரு காலத்துப் படத்தையும் ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டுச் சிறிது இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால், ஒரு நூற்றாண்டின் மாற்றத்தை ஒரே பார்வையில் காணலாம்.

எனினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மறைந்த பெரியவர் ஒருவரைப் பிற்காலத்துக் குடமுழுக்குப் படத்தில் சேர்த்து, விளக்கமின்றித் தொங்கவிட்டால், அடுத்த தலைமுறை அதனையே சான்றாகக் கொள்ளும். விருப்பத்தைச் சொல்லும் படம் வேறு, வரலாற்றைச் சொல்லும் படம் வேறு. இரண்டும் கலந்துவிட்டால், இறுதியில் உண்மைப் படத்தையும் எவரும் நம்பார்.

நிர்வாகத்தினர் கவனத்திற்கு

ஒவ்வோர் அடுக்குப் படத்தின் அருகிலும், எந்தெந்த ஆண்டுப் படங்கள் சேர்க்கப்பட்டன என்பதைத் தெளிவாக எழுதி வைத்தல் வேண்டும். இயன்றால் மூலப் படத்தின் நகலையும் பக்கத்தில் வைக்கலாம். படத்திலுள்ளோரின் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே இசைவு பெறுதல் முறையாகும். கருவறைத் திருமேனியைப் படமெடுக்க ஆலய மரபு இடந்தராவிடில், அடுக்குப் படத்திலும் அதனைத் தவிர்ப்பதே நலம்.

நம் நாட்டு ஈரக்காற்றில் பழைய படங்களில் பூஞ்சை எளிதில் படரும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிப்பதும் அரிது. ஆகவே மூலப் படங்களைப் பத்திரமாக வைத்து, நகல்களையே காட்சிக்கு வைப்பது சாலச் சிறந்தது. கற்பூரப் புகையும் எண்ணெய் விளக்கும் வெயிலும் அணுகாத சுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இல்லங்களில் பெட்டிக்குள் உறங்கும் பழம்படங்களை, அவற்றிலுள்ளோரின் பெயரைச் சொல்லக்கூடிய மூத்தோர் நம்மோடு இருக்கும்போதே வெளியே எடுப்போம். பெயரும் ஆண்டும் குறித்து ஆலயத்திற்கு அளிப்போமாயின், அதுவும் ஒரு திருப்பணியே.