பக்குவமும் புதுமையும்

பன்விலப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில், வானிலைக்கு ஏற்பக் கொழுந்தை வாட்டும் நேரத்தையும் உலர்த்தும் வெப்பத்தையும் கூட்டியும் குறைத்தும் பார்ப்பது வழக்கம். அவ்வாறு கண்ட நல்ல அளவொன்றை, 20 ஆண்டுகளுக்கு வேறெவரும் கையாளலாகாது என ஒருவர் தடுப்பாராயின் அது நியாயமாகுமா? ஆகாது என்றே எவரும் கூறுவர். பக்குவம் பார்ப்பது வேறு. புதியது காண்பது வேறு.

இரசாயனத் துறையில் ஆக்கவுரிமை கோருவோரிடமும் சட்டம் இவ்வேறுபாட்டையே எதிர்பார்க்கின்றது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு கண்டுபிடிப்பு புதியதாய் இருத்தல் மட்டும் போதாது. அத்துறையில் சாதாரண தேர்ச்சியுடையவர் எளிதில் ஊகிக்க இயலாததாகவும் இருத்தல் வேண்டும்.

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தீர்க்கப்பட்ட ஆலர் வழக்கு இதனைத் தெளிவாக்கும். ஃபீனால் செய்யும் முறையொன்று முன்னரே அறியப்பட்டிருந்தது. அதற்கு வெப்பம் 100 பாகை செல்சியஸ். கந்தக அமிலம் நூற்றுக்கு 10 பங்கு. விண்ணப்பகாரரோ வெப்பத்தை 40 முதல் 80 பாகை வரையாகக் குறைத்து, அமிலத்தை 25 முதல் 70 பங்கு வரையாக உயர்த்தினர். விளைச்சலும் கூடிற்று. ஆயினும், பொதுமுறை தெரிந்தபின் சிறந்த அளவை வழக்கமான சோதனைகளால் தேடிக் காண்பது கண்டுபிடிப்பாகாது என நீதிமன்றம் தீர்த்தது. எவரும் எதிர்பாராத, தன்மையிலேயே வேறுபட்ட பயன் விளைந்திருப்பின் முடிவு வேறாகியிருக்கலாம்.

மருந்துகளில் இக்கேள்வி உயிர்ப் பிரச்சினையாகின்றது. இந்தியாவில், இரத்தப் புற்றுநோய்க்குரிய இமாட்டினிப் மருந்தின் புதிய பளிங்கு வடிவத்துக்கு நொவார்ட்டிஸ் நிறுவனம் ஆக்கவுரிமை கோரியது. அந்நிறுவனத்தின் மருந்துக்கு மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் செலவாயிற்று. உள்நாட்டு மருந்துக்கோ ஏறத்தாழ 10,000 ரூபாய். சென்னை அலுவலகம் 2006இல் விண்ணப்பத்தை நிராகரித்தது. அறிந்த பொருளின் புதுவடிவம் நோய் தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டிருத்தல் வேண்டும் என்பது 2005இல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டத்தின் விதி. மருந்து உடலிற் சேரும் அளவு நூற்றுக்கு 30 பங்கு கூடியதாகக் காட்டப்பட்டது. ஆனால் அதனால் நோய் நன்கு தீரும் என்பது நிறுவப்படவில்லை எனக் கூறி, 2013 ஏப்ரல் 1ஆம் திகதி உச்ச நீதிமன்றமும் கோரிக்கையைத் தள்ளிவிட்டது.

உண்மையாகவே புதியது காண்பவருக்கு உரிமை மறுக்கப்பட்டால் ஆராய்ச்சி தளரும். பக்குவம் பார்த்ததற்கெல்லாம் உரிமை வழங்கினாலோ, வறியோர் மருந்தின்றி வாடுவர். இரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பதே சட்டத்தின் கடமையாகும்.