பெயரும் எழுத்தும்

பெயரில் ஓரெழுத்து மாறினும் பொருள் மறையக்கூடும். உடையார்பாளையம் சிவன் கோயில் இறைவனின் திருப்பெயர் பயறணீசுவரர். இதில் ‘பயறு’ என்னும் சொல் அமைந்துள்ளது. றகரத்தை ரகரமாக்கிப் ‘பயரணீசுவரர்’ என எழுதினால், ஒலி ஏறத்தாழ ஒன்றாயினும் பயறு என்னும் பொருள் புலப்படாது.

முன்னோரும் பெயர்களை மாற்றி எழுதியதுண்டு. லட்சுமணன் என்னும் வடமொழிப் பெயரைக் கம்பர் ‘இலக்குவன்’ என்று வழங்கினார். லகரம் தமிழில் மொழிமுதல் வாராது. ஆதலின் அம்மாற்றம் இலக்கண மரபைத் தழுவியது.

இக்காலத்தில் எண்சோதிடத்தை நம்பி, குழந்தைகளின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுகையில் மிகை எழுத்துகளைச் சேர்ப்போர் உளர். தமிழில் ஒன்றாக நிற்கும் பெயர், ஆங்கிலத்தில் பலவாகிறது. பிறப்புச் சான்றிதழிலும் மதிப்பெண் சான்றிதழிலும் எழுத்து வேறுபட்டால், பின்னர்த் திருத்தம் கோரி அலைய நேரிடும். சிலர் தமிழ்நாடு அரசிதழில் பெயர்மாற்ற அறிவிப்பும் வெளியிட வேண்டியிருக்கும். எனவே, பெயர் சூட்டும்போதே பொருளையும் எழுத்தையும் ஆராய்ந்து, எல்லா ஆவணங்களிலும் ஒரே வடிவில் பதிதல் நன்று.