நாய் அர்ச்சியசிஷ்டரான கதை

பதின்மூன்றாம் நூற்றாண்டின் மத்தியில், பிரான்ஸ் தேசத்து லியோன் நகருக்கு வடக்கேயுள்ள தோம்ப் என்னும் பிரதேசத்தில் ஒரு சந்நியாசி கிராமம் கிராமமாகப் பிரசங்கம் செய்து வந்தார். தொமினிக்கன் சபையைச் சேர்ந்த அவருக்கு எத்தியேன் தெ பூர்போன் என்று பெயர். அவர் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தபோது, குடியானவ ஸ்திரீகள் பலர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். நோயுற்ற தங்கள் குழந்தைகளை அர்ச்சியசிஷ்ட கினெபோரிடம் கொண்டுபோனார்களாம். யாரோ ஒரு மகான் போலும் என்று எண்ணிய சந்நியாசி மேலும் விசாரித்தார். விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியாயிற்று. கினெபோர் ஒரு வேட்டை நாய்!

அந்த நாயின் வரலாற்றை அவரே எழுதி வைத்திருக்கிறார். வில்லார் பிரபுவின் ஆட்சிக்கு உட்பட்ட இடத்தில் ஒரு கோட்டை இருந்தது. ஒரு நாள் கோட்டைத் தலைவனும் அவன் மனைவியும் செவிலியும் வெளியே சென்றிருக்க, தொட்டிலில் குழந்தை மட்டும் தனியே கிடந்தது. பெரிய பாம்பொன்று உள்ளே நுழைந்தது. நாய் அதன்மேல் பாய்ந்தது, போராட்டத்தில் தொட்டில் கவிழ்ந்தது, பாம்பு மாண்டது. முதலில் திரும்பி வந்தவள் செவிலி. நாயின் வாயெல்லாம் இரத்தத்தைக் கண்டு அவள் அலறினாள்; தாயும் ஓடிவந்து அலறினாள்; தலைவன் வாளை உருவினான். பிறகு பார்த்தால், குழந்தை சுகமாக உறங்கிக்கொண்டிருந்தது. அருகே பாம்பு துண்டு துண்டாய்க் கிடந்தது. மனம் நொந்தவர்கள் கோட்டை வாயிலுக்கு எதிரே இருந்த கிணற்றில் நாயின் உடலை இட்டு, கற்களைக் குவித்து, சுற்றிலும் மரங்களை நட்டார்கள்.

இதைப் படிக்கும்போதே நேயர்கள், "இது நம் கீரிப்பிள்ளைக் கதையல்லவா?" என்று கேட்பார்கள். சந்தேகமில்லை. பஞ்சதந்திரத்தில் உள்ள அக்கதை தேசம் தேசமாய் நடந்து, மேனாட்டில் கீரியின் இடத்தில் நாயை அமர்த்திக்கொண்டது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் அது வருகிறது. கீரியைக் கொன்ற பார்ப்பனியைக் கணவன் துறந்து வடதிசை செல்ல, புகார் நகர வீதியில் அலைந்த அவளுக்குக் கோவலன் பொருள் கொடுத்துப் பாவம் நீங்கத் தானம் செய்வித்தான். கணவனையும் மீட்டுத் தந்தான். புகாரில் ஒரு குடும்பத்தின் துயரமாக நின்ற கதை, தோம்ப் நாட்டில் ஒரு வழிபாட்டையே தோற்றுவித்துவிட்டது. காலப்போக்கில் கோட்டை அழிந்தது, காடு மண்டியது. குழந்தைக்காகக் குற்றமின்றி உயிர் கொடுத்த நாயைத் தியாகியென்று குடியானவர்கள் கொண்டாடத் தொடங்கினார்கள்.

அதுவரையில் நமக்கும் அனுதாபமே உண்டாகிறது. ஆனால் அந்தத் தோப்பில் நடந்ததைக் கேட்டால் நெஞ்சு பதைக்கிறது. நோஞ்சானாய்த் தேயும் குழந்தை தன் குழந்தையே அல்ல, வனதேவதைகள் நல்ல சிசுவைத் திருடிக்கொண்டு தங்களுடையதை விட்டுப் போயின என்பது அக்காலத்து நம்பிக்கை. சடங்கு தெரிந்த ஒரு கிழவி தாய்க்கு வழிகாட்டினாள். உப்பைக் காணிக்கை வைத்து, குழந்தையின் துணிகளைப் புதர்களில் தொங்கவிட்டு, இரண்டு மரங்களுக்கிடையே நிர்வாணக் குழந்தையை ஒன்பது முறை எறிவார்கள். இந்தப் பக்கம் தாய். அந்தப் பக்கம் கிழவி. பின்பு மரத்தடியில் அதைக் கிடத்தி, தலைமாட்டில் அங்குல நீளமுள்ள இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு, அழுகுரல் எட்டாத தூரத்துக்கு விலகிப் போவார்கள். வர்த்தி எரிந்து தீரும்வரை திரும்பலாகாது. தீப்பட்டு இறந்த குழந்தைகளும் உண்டு. உயிரோடிருந்தால் அருகே ஓடும் ஷலரோன் ஆற்றில் ஒன்பது முறை முக்குவார்கள். அதற்கும் பிழைத்த குழந்தைக்கு வயிரம் பாய்ந்த உடம்பு என்றுதான் சொல்ல வேண்டும்!

ஒரு தாய் சந்நியாசியிடம் கூறியதை எண்ணிப் பாருங்கள். சடங்கின்படி விலகி நடந்தவள், காட்டிலிருந்து ஓநாய் ஒன்று குழந்தையை நோக்கி வருவதைக் கண்டாள். சாஸ்திரப்படி அவள் திரும்பியிருக்கக் கூடாது. பெற்ற வயிறு கேட்கவில்லை, ஓடிப்போய்க் காப்பாற்றிவிட்டாள். தன் குழந்தையல்ல என்று நம்பி வந்தவளை எது திருப்பியது? வைத்தியனும் மருந்தும் எட்டாத ஊரில், நம்பிக்கைக்கும் பாசத்துக்கும் நடுவே அவள் பட்ட பாட்டைக் கண்டபின் எனக்கு அவளை ஏளனம் செய்ய மனம் வரவில்லை. கிழவியைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

எத்தியேன் ஜனங்களைக் கூட்டிப் பிரசங்கித்தார். நாயின் எலும்புகளைத் தோண்டியெடுத்து, தோப்பை வெட்டி, இரண்டையும் சேர்த்துக் கொளுத்தச் செய்தார். இனி அங்கே போகிறவர்களின் சொத்து பறிமுதலாகும் என்று பிரபுக்களைக் கொண்டு கட்டளையும் பிறப்பித்தார். ஒரு பெண்ணையேனும் நெருப்பில் இட்டதாக அவர் எழுதவில்லை. 1987-ல் இவ்விஷயத்தைத் தழுவி வெளிவந்த பிரெஞ்சுத் திரைப்படம், மூலிகை அறிந்த ஒரு பெண்ணைச் சந்நியாசிக்கு எதிரே நிறுத்துகிறது. அது கற்பனையின் உரிமை. 1979-ல் இவ்வழிபாட்டைப் பற்றித் தனி நூல் வெளியிட்ட சரித்திராசிரியர் ழான் கிளோத் ஷ்மித்தோ, சந்நியாசியின் குறிப்பை வரி வரியாக ஆராய்ந்து, அந்தக் குடியானவர்களின் உள்ளத்தை அறிய முயன்றார்.

எலும்பு சாம்பலாயிற்று, தோப்பும் சாம்பலாயிற்று. ஆயினும் அறுநூறு ஆண்டுகளுக்குப் பின், 1879-ல், வேசியேர் என்ற ஆராய்ச்சியாளர் அந்தப் பக்கம் விசாரித்து எழுதினார். அந்தக் காட்டுக்குக் கினெபோரின் பெயரே வழங்கி வந்தது. தாய்மார்களும் நோயுற்ற குழந்தைகளுக்காக அதைத் தேடிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.